கேஸ் போன சோடா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ரோஷம் அதிகம். அரவேணுவில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இல்லையென்றால் "அந்தக் குண்டு சசிரேகாவா?" என்பார்கள். இரண்டாவதை இப்போது யாரும் சொல்வதில்லை.

டீ ஃபேக்டரியில் இலை எடை போடுவது என் வேலை. சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவரும் பச்சை இலையைத் தராசில் ஏற்றி, மழை நாளென்றால் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, மீதியை எழுதிக் கொடுப்பேன். ஈரம் கழிப்பதில் என்னோடு சண்டை போடாத தோட்டக்காரர் கிடையாது. ஜெயித்தவரும் கிடையாது. இப்படி ஊர் இலையை எல்லாம் எடை போட்டவளுக்குத் தன் எடையைப் பார்க்க வீட்டு மிஷின் போதவில்லை. அது நூற்றிருபதோடு நின்றுவிடும். லோடு வராத நேரமாகப் பார்த்து ஒருநாள் இலைத் தராசிலேயே ஏறினேன். நூற்று இருபத்து நாலு. கூட வேலை பார்க்கும் தங்கையா எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, ஈரம் கழிச்சாச்சுங்களா?" என்றான். அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை.

சர்க்கரை, முட்டி வலி, படுத்தால் மூச்சு முட்டல். என் கணவர் முத்துராஜ்தான் பிடிவாதமாகக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் அளவுக்கு ஒரு பையை மட்டும் விட்டுவைத்தார்கள். என்ன தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் அங்கே பிலோமி என்று ஒரு மேடம். நாற்பது விஷயம் சொல்லியிருப்பார். அதில் மூன்று தடவை சொன்னது ஒன்றுதான்: "கேஸ் அடைச்ச எதுவும் வாயில வைக்கக் கூடாது. சோடா, கலர், எதுவும். தண்ணிகூட மடக்குனு குடிக்கக் கூடாது. வாய் வாயா, நிறுத்தி நிறுத்தி."

நாலரை மாதத்தில் முப்பத்தொரு கிலோ போய்விட்டது. ஆபரேஷனை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஃபேக்டரியில் கேட்டால் சாமைக் கஞ்சி என்றேன். ஊரில் கேட்டால் நடை என்றேன். நடை என்று சொன்னது வினையாகிவிட்டது. மறுநாளே ஸ்டெபி என்கிற பெண் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பனியில் ஐந்து பேரும் என்னோடு தினமும் நடந்தார்கள். ஒருத்திக்கும் ஒரு கிலோ குறையவில்லை. ஸ்டெபி என்னை ஏக்கமாகப் பார்ப்பாள். நான் தேயிலைச் செடியைப் பார்ப்பேன்.

ஏன் மறைத்தேன் என்றால், இந்துவுக்காகத்தான். இந்து என் தம்பி ராஜசேகரின் மனைவி. வயிற்றை வெட்டித்தான் இளைத்தேன் என்று அவள் காதில் விழுவதைவிட மறுபடி நூற்று இருபத்து நாலுக்கே போய்விடலாம் என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா. மேட்டின் மேல் வீடு, ரோட்டிலிருந்து அறுபத்து நாலு படி. நான் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினேன். ஒவ்வொரு தடவையும் பின்னால் வந்தவர்கள் தட்டும் கையுமாகக் காத்து நின்றார்கள். ஒருவழியாக மேலே போய் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். படாரென்று சேரின் கால் உடைந்து, கூடியிருந்த சனத்தின் முன்னால் மல்லாக்க விழுந்தேன். இந்து வாய்விட்டுச் சிரித்தாள். கையில் பாயசக் கரண்டியோடு, நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "இனி இந்த ஊட்டுல பச்சைத் தண்ணி குடிச்சா நான் சசிரேகா இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஏழு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எனக்குப் பிள்ளை கிடையாது. தம்பி மகள் மாதேஸ்வரி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது நான். மாது என்று பெயரைச் சுருக்கியதும் நான். அந்த மாதுவுக்கு இப்போது நிச்சயம் வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் நிச்சயப் புடவைத் தட்டைச் சுமந்துபோய்ப் பெண் கையில் கொடுக்க வேண்டியவள் அத்தை. அத்தை என்று அவளுக்கு இருப்பது நான் ஒருத்திதான். மாது போனில் அழுதாள். "நீங்க வராம நான் அந்தப் பொடவைய வாங்க மாட்டேனுங் அத்தே" என்றாள். என் ரோஷம் அங்கேயே பாதி கரைந்துவிட்டது.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் ராசியாக வேண்டுமென்றால், எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கலர் குடிக்க வேண்டும். ஆரஞ்சு, திராட்சை, பன்னீர், வெறும் சோடா, எதுவானாலும் சரி, கேஸ் அடைத்த பாட்டிலாக இருக்க வேண்டும். டீ செல்லாது. டீக்காட்டில் வழியில் போகிறவனுக்குக்கூட டீ கிடைக்கும், அதில் என்ன மரியாதை. குடித்து முடித்துக் காலிப் பாட்டிலைத் தரையில் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மிச்சம் வைத்தால் மனதிலும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பஞ்சாயத்தை எல்லாம் நடத்திவைப்பவர் ஆறுச்சாமி அண்ணன். ஊரில் கலர் விற்கும் கடையும் அவருடையதுதான். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முத்துராஜ் ஒரு பக்கம், ஆறுச்சாமி அண்ணன் ஒரு பக்கமாகத் தம்பி வீட்டுக்குப் போனேன். அறுபத்து நாலு படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். மேலே இந்து நின்றாள். ஏழு வருஷத்தில் நன்றாகச் சதை போட்டிருந்தாள். ஒல்லிக்குச்சியாக வந்தவள் இப்போது படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அவளும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாங்க என்றாள், அவ்வளவுதான். எங்கள் பக்கம் கணவனின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவார்கள். அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

ஆறுச்சாமி அண்ணன் இரண்டு ஆரஞ்சுக் கலரை உடைத்து எங்கள் முன்னால் வைத்தார். நுரை பொங்கியது. முத்துராஜ் என் காதருகே, "வேண்டாம் புள்ள, உண்மையச் சொல்லீரு" என்றார். இந்து எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு நேராக ஆபரேஷன் என்ற வார்த்தையைச் சொல்வதா? நாலரை மாதம் ஆகிவிட்டது, ஒரு பாட்டில் என்ன செய்துவிடும் என்று எடுத்து இரண்டு மடக்கு இழுத்தேன்.

மூன்றாவது மடக்குக்கு இடமில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ சைக்கிள் பம்பு வைத்து அடிப்பதுபோல இருந்தது. ஏப்பமும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. கண் இருட்டியது. எழுந்து வாசலுக்கு ஓடி, இந்து ஆசையாக வளர்த்த பூத்தொட்டிகளுக்கு நடுவில் அத்தனை ஆரஞ்சையும் கொட்டிவிட்டேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே இந்து. "ராசியாக வந்த ஊட்டு வாசல்ல துப்பறீங்க. எங்க ஊட்டுக் கலரு உங்க தொண்டைல எறங்காதுன்னா எதுக்கு வந்தீங்க?" என்றாள். நான் வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டேன். பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஆறுச்சாமி அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அன்று மாலையே தம்பி போன் செய்தான். "அக்கா, தட்டு எடுக்க இந்து அவ சித்தியக் கூப்புடறேங்கறா. நான் என்னக்கா பண்ணட்டும்?" அவன் குரலே உடைந்திருந்தது. அன்றைக்கு நான் அழுததுபோல் ஆபரேஷன் வலிக்குக்கூட அழுததில்லை.

மறுநாள் பிலோமி மேடத்துக்குப் போன் செய்தேன். முதலில் வலி நின்றுவிட்டதா, வாந்தியில் ரத்தம் வந்ததா என்று விசாரித்தார். நின்றுவிட்டது, வரவில்லை என்று உறுதியானதும் திட்ட ஆரம்பித்தார். நான் இடையில் புகுந்து, "மேடம், எனக்குக் கேஸ்தானே ஆகாது? கேஸப் பூரா எடுத்துட்டா?" என்றேன். மேடம் திட்டுவதை நிறுத்தினார். "சர்க்கரையும் இருக்கக் கூடாது. கலர் வேண்டாம், வெறும் சோடா. கேஸ் ஒரு பொட்டு இல்லாமப் போகணும். அப்புறம் வாய் வாயா. அவசரப்பட்டீங்கன்னா நானே மலையேறி வந்து உதைப்பேன்" என்றார்.

இலையில் ஈரத்தைக் கழிக்கிறவள் நான். சோடாவில் கேஸைக் கழிக்க எனக்குத் தெரியாதா? மூன்று நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கோலி சோடாவை வாயகன்ற சொம்பில் ஊற்றி, இரண்டு சிட்டிகை உப்பைப் போட்டால் சொர்ரென்று பொங்கும். கரண்டியால் ஆற்ற வேண்டும். மறுபடி பொங்கும், மறுபடி ஆற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். குமிழி ஒன்றுகூட மேலே வராத வரைக்கும் ஆற்றி, அதற்கு மேலும் ஆற்றி, ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. முத்துராஜ் அடுப்படி வாசலில் நின்று, "அதெல்லாம் சரி. அங்க போயி என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டார். "உள்ளதச் சொல்லுவனுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, முடிவு செய்துவிட்டேன் என்று.

நிச்சயத்துக்கு முந்தின ஞாயிறு ஆறுச்சாமி அண்ணனை இரண்டு கோலி சோடாவோடு கிளப்பினேன். "போன தடவ ஆன கூத்து போதாதுங்களா அம்மிணி?" என்று முனகிக்கொண்டே வந்தார். இந்து கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. இரண்டு வீடு தள்ளி ஸ்டெபி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"இந்து, நான் துப்பல" என்றேன். "கோயமுத்தூர்ல வயித்த அறுத்து ஆபரேஷன் பண்ணியிருக்கேன். என்ற வயிறு இப்ப வாழப்பழத்தண்டி. அதுல கேஸ் போனா நிக்காது. நான் நடந்தும் எளைக்கல, கஞ்சி குடிச்சும் எளைக்கல. உனக்குத் தெரியக் கூடாதுன்னு ஊரெல்லாம் பொய் சொன்னேன்."

"அடப்பாவி அக்கா!" என்று ஸ்டெபியின் குரல் கேட்டது. "பனில எங்களையெல்லாம் நடக்க வெச்சீங்களே!"

"நடக்கறது ஒடம்புக்கு நல்லதுதான் புள்ள, நாளைக்கும் வா" என்றேன்.

இந்து என் வயிற்றையே பார்த்தாள். நம்பவில்லையோ என்று கதவுக்கு உள்பக்கமாக ஒரு எட்டு வைத்து, முந்தானையை விலக்கி வயிற்றில் இருந்த ஐந்து தழும்பையும் காட்டினேன். அவள் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு, "நானும் நெனச்சேன், நடந்து எளைக்கற ஆளுங்களா நீங்க" என்றாள். எனக்குச் சுர்ரென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? நான் சிரித்துவிட்டேன். அவள் கதவைப் பூராவும் திறந்தாள்.

நான் அங்கே கிடந்த பிளாஸ்டிக் சேரில் வேண்டுமென்றே உட்கார்ந்தேன். அது முனகக்கூட இல்லை. என் பங்கு சோடாவைக் கையோடு கொண்டுபோன சொம்பில் ஊற்றி உப்பைப் போட்டேன். ஆறுச்சாமி அண்ணன் பதறிவிட்டார். "கேஸ எடுத்துட்டா அது சோடாவேயில்லீங்களே அம்மிணி. வழக்கத்துல செல்லாது."

"அண்ணா, பாட்டில் உங்க கடைப் பாட்டில்தானே? கேஸோடதானே வந்துச்சு? நான் கழிச்சுட்டுக் குடிக்கறேன். மழையில நனைஞ்ச இலைய நான் வேண்டாங்கறனா? ஈரத்தக் கழிச்சுட்டு எடுத்துக்கறதில்லயா?"

அவருக்கும் தோட்டம் உண்டு. ஈரம் கழிப்பதில் என்னிடம் தோற்றவர்தான். சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குள் இந்து தன் பாட்டிலை எடுக்கப்போனாள். தம்பி ராஜசேகர் அவள் கையைப் பிடித்தான். "ரெண்டு பேரும் சேந்துதான் முடிக்கோணும். அக்காவுக்கு எவ்வளவு நேரமோ, உனக்கும் அவ்வளவு நேரம்" என்றான். ஏழு வருஷத்தில் அவன் பேசிய உருப்படியான பேச்சு அது.

ஆற்றினேன். அடங்கியதும் டம்ளரில் ஊற்றினேன், இந்துவும் தன் பாட்டிலை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் வைத்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். இந்துவும் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாள். முத்துராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வாய்.

வழக்கமாக இந்தக் கலர் குடிக்கிற சடங்கு ஒரு நிமிஷம்தான். மடக் மடக்கென்று குடித்து, கவிழ்த்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போவார்கள். அடுத்த மாதமே மறுபடி முறைத்துக்கொள்வார்கள், ஆறுச்சாமி அண்ணன் இன்னும் இரண்டு பாட்டில் விற்பார். நாங்கள் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது?

"வலிக்குங்களா?" என்று முதலில் அவள்தான் கேட்டாள்.

"இல்ல. ஆனா, அன்னைக்கு நீ சிரிச்சது இன்னும் வலிக்குது" என்றேன்.

மறுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மறுக்கவில்லை. "சிரிச்சேன். உங்களப் பாத்துத்தான் சிரிச்சேன். நிறுத்தோணும்னு நெனச்சும் நிறுத்த முடியல." டம்ளரைக் கையில் சுற்றினாள். "கல்யாணமாகி உங்க ஊட்டுக்கு வந்த அன்னைக்கு, பந்தல்ல வெச்சு, 'என்ற தம்பிக்கு வெளக்குமாத்துக் குச்சியக் கட்டி வெச்சுட்டாங்க'ன்னு சொன்னீங்க. ஞாபகமிருக்குதுங்களா? அன்னைல இருந்து பதினாறு வருசம் குச்சின்னுதான் கூப்புட்டீங்க. பேரு சொல்லல. மாது வயித்துல இருந்தப்பக்கூட, 'குச்சிக்கு எங்க புள்ள தங்கப்போகுது'ன்னீங்க. நான் ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன். அன்னைக்கு அந்தச் சேர் ஒடஞ்சப்ப எனக்குள்ள என்னமோ திறந்துக்கிச்சு."

எனக்கு ஞாபகம் இருந்தது. செல்லமாகக் கூப்பிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சிரித்த ஒரு சிரிப்பை ஏழு வருஷம் வைத்திருந்த எனக்கு, நான் சொன்ன பதினாறு வருஷம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அடுத்த வாய் குடிக்க டம்ளரை எடுத்தவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு, இந்து" என்றேன். "பெரிய தப்பு. ஒடம்பப் பத்திப் பேசுனா எப்படி வலிக்கும்னு எனக்கே தெரிஞ்சிருந்தும் பேசியிருக்கேன். என்னை மன்னிச்சுரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடிங்க, நேரமாவுது" என்றாள். நான் ஒரு வாய் குடித்தேன். அவளும் குடித்தாள். அதன் பிறகு பேச்சு நிற்கவே இல்லை. அவள் முட்டி வலி, மாதுவின் மாப்பிள்ளை வீட்டார், யாருக்கு என்ன சேலை, ஆபரேஷனுக்குப் பயமாக இருந்ததா, எல்லாம் வந்தது. மாது இடையில் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஆறுச்சாமி அண்ணன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

கடைசி வாயை நான் வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகக் குடித்தேன். டம்ளரைத் தரையில் கவிழ்த்தேன். இந்துவும் கவிழ்த்தாள். மாது ஆறுச்சாமி அண்ணனைத் தட்டி எழுப்பினாள். அவர் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் மனுஷர் விடவில்லை. "என்ன இருந்தாலும் நீங்க குடிச்சது வெறும் பச்சத் தண்ணிதானுங்களே அம்மிணி" என்றார்.

"ஆமாங்கண்ணா. இந்த ஊட்டுல எதக் குடிக்க மாட்டேன்னு அன்னைக்குச் சொன்னேன்? கலரக் குடிக்க மாட்டேன்னா சொன்னேன்? பச்சத் தண்ணியத்தானே சொன்னேன்? இப்பக் குடிச்சுட்டேன், போதுமா?"

தம்பிதான் முதலில் சிரித்தான். அப்புறம் இந்து சிரித்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல். இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன், தழும்பு இழுக்கிற வரைக்கும்.

நிச்சயத்தன்று ஊர் முழுக்கப் பளிச்சென்று வெயில். முந்தின நாள் இலைத் தராசில் ஏறினேன். தொண்ணூற்று ஒன்று. தங்கையா வாயைத் திறப்பதற்குள், "கழிச்சாச்சு" என்றேன். நிச்சயத்துக்கு ரோட்டில் வேன் நின்றதும் இந்துவும் கீழே இறங்கி வந்தாள். புடவைத் தட்டை அவளே தூக்கி என் கையில் கொடுத்தாள். பட்டுப் புடவை, தேங்காய், பழம், பூ, நல்ல கனம். மேலே மாது பச்சைச் சேலையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். பத்து, இருபது, முப்பது. ஒரு காலத்தில் நான் மூச்சு வாங்கி நின்ற இடங்களையெல்லாம் நிற்காமல் தாண்டினேன். மேளக்காரர்களே பின்தங்கிவிட்டார்கள்.

நாற்பதாவது படி தாண்டியதும் பின்னாலிருந்து கம்பியைப் பிடித்தபடி இந்து மூச்சிரைக்கக் கத்தினாள்.

"நங்கே! கொஞ்சம் நில்லுங்க நங்கே!"

தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவள் வந்து சேரும்வரை நின்றேன்.